எங்கே இழுக்கிறது?

ஜூன் 12, வியாழன்

அப்பாவின் குறட்டை சீரான பிறகுதான் எழுந்து வந்தேன். சமையலறையில் காஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தால் செல்போன் வெளிச்சம் அறைக்குள் போகாது. இது ஒன்பதாம் வகுப்பு நோட்டு. பாதிப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.

எழுதாவிட்டால் இன்று தூக்கம் வராது. சாயங்காலம் குழாயடியில் ரெஜினா அக்கா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன். எங்கள் காம்பவுண்டில் கடைசி வீடு அவர்களுடையது. பனியன் கம்பெனியில் அப்பா இன்சார்ஜாக இருக்கும் லைனில்தான் ரெஜினா அக்கா டைலர்.

"இந்த மாசம் மட்டும் எத்தன பேர் நின்னுட்டாங்க தெரியுமாக்கா? எல்லாரும் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிட்டாங்க. ஜி.எம். உங்க வீட்டுக்காரரக் கூப்புட்டு, 'தண்டபாணி, டைலர் கெடைக்காத ஊர்ல நீ கத்திக் கத்தியே ஆள வெரட்டற. இனி இன்னொரு ஆள் போனா நீயும் கூடவே போயிர வேண்டியதுதான்'னு சொல்லிட்டாரு."

"அப்படிங்களா" என்றாள் அம்மா. பிறகு நிரம்பியிருந்த குடத்தையே மறுபடியும் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

அப்பாவுக்கு வேலை போனால் என்ன ஆகும்? வாடகை, என் பள்ளி வேன், அம்மாவின் தைராய்டு மாத்திரை. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது அதுவல்ல. நான் பள்ளி விட்டு வரும்போதே அப்பா வீட்டில் இருப்பார் என்றுதான் தோன்றியது.

அதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

எல்லார் வீட்டிலும் காலண்டர் கண்ணுக்கு நேராக மாட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் முழங்கால் உயரத்தில் தொங்கும். அம்மாதான் அங்கே ஆணி அடித்தாள். அந்த இடத்தில் சுவரில் சாம்பார் பட்டிருக்கிறது.

ஜூன் 14, சனி

கம்பெனிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஹேமலதா மேடம் என்று ஒருவர் வருகிறார். வேலை செய்கிறவர்களின் மனசையும் மூளையையும் பற்றிப் படித்தவராம். சனிக்கிழமைதோறும் மதியம் லைனை நிறுத்திவிட்டு எல்லோரும் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அப்பா முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று ஜி.எம். உத்தரவு.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "காலிஃப்ளவர் சைஸுல ஒரு ரப்பர் மூளையக் கொண்டாந்து டேபிள் மேல வெக்கறாங்க. தெக்கறவனுக்கு மூளை எதுக்குங்கறேன்? கை போதாதா?"

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள் அம்மா.

பிறகு இட்லிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ரெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சொன்ன கதை வேறு மாதிரி இருந்தது.

அப்பா லைனில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். யார் தைத்த பீஸ் செக்கிங்கிலிருந்து அதிகமாகத் திரும்பி வருகிறதோ அவருடைய மெஷின் விளக்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். அடுத்த ஆள் தப்புச் செய்கிறவரை அது அங்கேயேதான் தொங்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள்.

"அந்தம்மா, உங்களத் திட்டுனா என்ன ஆகும்னு கேட்டாங்க. யாரும் வாயத் தெறக்கல. நாந்தான் சொன்னேன், செவப்புத் துணி என் வெளக்குல தொங்குனா அன்னிக்கு ஊசில நூல் கோக்குற ஓட்டையே தெரியாது மேடம்னு. எல்லாரும் சிரிச்சாளுங்க. அந்தம்மா மட்டும் சிரிக்கல. பக்கத்துல வந்து, கண்ணு நல்லா இருந்தும் தெரியாது, இல்லம்மான்னு கேட்டாங்க."

"அப்புறங்க்கா?"

"மூளைக்குள்ள பாதாம்பருப்பு அளவுல ஒண்ணு இருக்காம் மோகனா. காவக்காரன் மாதிரி. புலி வந்தாலும் இன்சார்ஜ் வந்தாலும் அதுக்கு ஒண்ணுதானாம். உடனே மணி அடிச்சிருமாம். அது அடிக்கிற அடியில, நெத்திக்குப் பின்னாடி யோசிக்கிற எடம் இருக்குல்ல, அது மங்கிப் போயிருமாம். அப்புறம் கண்ணு பாக்கும், ஆனா ஒண்ணும் புரியாதாம்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கரும்பலகை முன்னால் எனக்கு நடப்பது அதுதான். டீச்சர் குரல் உயர்ந்ததும் எண்கள் எல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பிக்கும். நான் மக்கு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இப்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். இந்த எலும்புக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கிறது. யாரோ கத்தினால் அது மங்குகிறது. கத்தல் நின்றால் மறுபடி எரியும். ஆகவே அது உடையவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காவல்காரனைச் சமாதானப்படுத்த ஒரு வழி உண்டு என்று மேடம் சொன்னாராம். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விட வேண்டும். ஓடுகிறவன் அப்படி மூச்சு விடமாட்டான், ஆகவே புலி போய்விட்டது என்று அது நம்பிவிடுமாம்.

இன்று கணக்கு வகுப்பில் செய்து பார்த்தேன். முழுக் கணக்கும் வரவில்லை. ஆனால் இரண்டாவது வரிவரை எண்கள் ஊராமல் அதனதன் இடத்தில் நின்றன. யாரும் பார்க்காமல் எனக்குள் ஒன்று நடந்தது. திரும்பி இடத்துக்கு வரும்போது கால் தரையில் படாத மாதிரி இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

சிவப்புத் துணியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதில் காலையில் வேலை தொடங்கும் முன்பு அப்பா ஒவ்வொருவரிடமும் போய் அவர்களுக்கு நன்றாக வருகிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டுமாம். தப்பைச் சொல்வதற்கு முன்பு நல்லதைச் சொல்ல வேண்டுமாம்.

காலையில் அப்பா குளிக்கப் போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் குரல் கேட்டது.

"ரெஜினா! கழுத்துப் பட்டி நல்லா வெக்கற நீ!"

திட்டுகிற அதே குரல். கொஞ்சம் இடைவெளி. பிறகு, "ரெஜினா... நல்லா வெக்கற." மறுபடி இடைவெளி. "பரமேசு, நீ... நீ... நேரத்துக்கு வர்ற."

அம்மாவும் நானும் சமையலறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்தாள்.

கதவு திறந்ததும் இருவரும் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

ரெஜினா அக்கா போன சனிக்கிழமை கேட்டதைச் சொன்னார். ஒரே மாதிரி நடந்துகொண்டே இருந்தால் மூளைக்குள் தடம் விழுந்துவிடுமாம், புல்தரையில் விழுகிற மாதிரி. அந்தத் தடத்திலேயே கால் தானாகப் போகும். ஆனால் வேறு பக்கமாக நடந்தால் புதுத் தடம் விழும், பழையதில் புல் முளைக்கும். எத்தனை வயதானாலும் அப்படித்தானாம்.

"நாப்பத்தஞ்சு வயசுலயுங்களாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்கப்பாவக் கேக்குறியா?"

"இல்லீங்க்கா. சும்மாத்தான்" என்றேன்.

இன்று சார்ஜர் ஒயர் காலில் தட்டியதற்கு அப்பா அம்மாவைத் திட்டியது தெருவரை கேட்டது. பழைய தடம் ஆழமாக இருக்கும்போல.

ஜூன் 27, வெள்ளி

அப்பா பரோட்டா வாங்கி வந்தார். வண்டி ஸ்டாண்டைப் போடும்போதே தெரிந்துவிட்டது, இன்று பயமில்லை என்று.

"ஆளாளுக்கு எது வரும்னு கண்டுபுடிச்சுப்போட்டேன் வசந்தா. ரெஜினா கழுத்து வெச்சா அச்சுல வார்த்தாப்புல இருக்குது. இனி லைன்ல வர்ற கழுத்து அத்தனையும் அவளுக்குத்தான். உற்பத்தி எப்படி ஏறுது பாரு. அந்த மேடம் சொன்னதுலயும் விசயம் இருக்குதுப்பா."

குழாயடிக்குப் போனேன். ரெஜினா அக்கா மணிக்கட்டில் ஈரத் துணி சுற்றியிருந்தார். அது வீங்கியிருந்தது.

"நல்லாத் தெக்குறன்னு உங்கப்பா என்னிக்குச் சொன்னாரோ அன்னிக்குப் புடிச்சது எனக்கு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கழுத்து, கழுத்து, கழுத்து. கனவுல கூடத் தலையில்லாத கழுத்தா வருது. பரமேசு என்ன பண்றா தெரியுமா? வேணும்னே கோணக் கோணத் தெக்குறா. அவளுக்கு எது வரும்னு தெரிஞ்சா அதையே தலையில கட்டிருவாரேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்க முடியாமல் என் பக்கம் தள்ளினார்.

"திட்டுனப்ப தாங்கிக்கிட்டேன் மோகனா. இந்தப் பாராட்டத் தாங்க முடியல. அடுத்த வாரம் சம்பளம் வாங்குனதும் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிரப் போறேன். உங்க வீட்டுல மூச்சு விட்டுராத."

இன்னொரு ஆள் போனால் அப்பாவும் போக வேண்டியதுதான். அந்த இன்னொரு ஆள் யார் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. உள்ளே அவர் இரண்டாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 30, திங்கள்

சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

சொல்லலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா" என்றேன்.

"என்ன?"

நெற்றிக்குள் விளக்கு மங்குவது எனக்கே தெரிந்தது. என் வாய் தானாக, "உப்பு போதுங்களா?" என்று கேட்டது.

"இன்னும் சாப்பிடவே இல்லயே புள்ள" என்றார் அப்பா.

ஜூலை 5, சனி

ரெஜினா அக்கா போகவில்லை. அதற்குப் பதில் எழுந்து நின்றுவிட்டார்.

இன்று மேடம் பேசும்போது ஜி.எம். கூட இருந்திருக்கிறார். லைன் நன்றாக ஓடுகிறது என்று அப்பாவை எல்லோர் முன்பும் பாராட்டினாராம். அப்போது அக்கா வீங்கிய கையைத் தூக்கிக் காட்டி, "எனக்குக் கழுத்து வெக்க நல்லா வரும் சார். ஆனா அந்த வேலை எனக்குப் புடிக்காது. நாள் பூரா அதையே செஞ்சா வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்க முகத்தப் பாக்கப் புடிக்கல" என்று சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்களாம். அப்பா கத்தப் போகிறார் என்று பரமேசு அக்கா காதைக்கூடப் பொத்திக்கொண்டாராம்.

மேடம் நடுவில் வந்து, தப்பு தன்மேல்தான் என்றாராம். "நல்லா வர்ற வேலை எல்லாமே ஒருத்தரோட பலம் ஆகிடாது. செஞ்சு முடிச்சதும் மனசு லேசாகணும், அதுதான் பலம். கை பழகிட்டதால வர்ற வேலை வேற, உயிர் ஊறுற வேலை வேற. இதை நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்." பிறகு ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார், எந்த வேலை செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லை என்று.

ரெஜினா அக்காவுக்கு, புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. பரமேசு அக்காவுக்கு நிறம் சேர்ப்பது. கண்ணால் பார்த்தே எந்த நூல் எந்தத் துணிக்கு என்று சொல்லிவிடுவாராம். இத்தனை வருடமாக அது யாருக்கும் தெரியாது. ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்த்த மாதிரி இருந்தது என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் முகமே வேறாக இருந்தது. ஒவ்வொரு தலைக்குள்ளும் யாரும் திறக்காத ஓர் அறை இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது.

கடைசியாக மேடம், "உங்களுக்குங்க தண்டபாணி?" என்று கேட்டாராம்.

அப்பா எழுந்து நின்றார். கூரை மின்விசிறியைப் பார்த்தார். "தெரியலைங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இன்று அப்பா சாப்பிடவில்லை. கத்தவும் இல்லை. கத்தாத அப்பாவைப் பார்த்தால் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

படிப்பது போல் உட்கார்ந்திருந்தேன். அப்பா திடீரென்று, "வசந்தா, நான் எப்பவாச்சும் சந்தோசமா இருந்திருக்கனா?" என்று கேட்டார்.

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். பதில் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.

"மெஷின்ல உக்காந்து தெச்சிட்டிருந்தீங்க பாருங்க, அப்ப. வூட்டுக்கு வாரப்பவே ஏதாச்சும் பாட்டு மொணுமொணுத்துட்டு வருவீங்க. கம்பெனிலயே நீங்கதான் நல்ல டைலருன்னு சொல்லித்தான இன்சார்ஜ் ஆக்குனாங்க. அப்புறம் பாடலீங்க."

நன்றாகத் தைத்ததற்காக அப்பாவை மெஷினிலிருந்து எழுப்பிவிட்டார்கள். ரெஜினா அக்காவின் கழுத்துப் பட்டி நினைவுக்கு வந்தது.

அப்பா பாடியிருக்கிறார். எங்கள் அப்பா. அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் என்னால் கேட்க முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பெரியப்பா வந்திருந்தார். அப்பா லைனை விட்டுவிட்டுச் சாம்பிள் செக்‌ஷனில் டைலராகப் போகிறேன் என்று ஜி.எம்.மிடம் கேட்ட செய்தி அவருக்கு எட்டிவிட்டது. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு அனுப்ப முதல் பீஸைத் தைத்துப் பார்க்கிற இடம் அது.

"ஏன்டா, இன்சார்ஜா நின்னு வேலை வாங்குனவன் மறுக்கா மெஷின்ல போய் உக்காருவியா? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சபையில நிக்கறது? பொட்டப்புள்ளய வேற வெச்சிருக்கற."

அப்பாவின் காதோரம் நரம்பு புடைத்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்தியது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நான் அம்மாவின் பக்கம் நகர்ந்தேன். பெரியப்பா முன்னால் இருந்த தட்டை அம்மா மெல்லத் தள்ளி வைத்தாள்.

அப்பா மூச்சை விட்டார். நீளமாக, பஸ் நின்றதும் சத்தம் வருமே, அப்படி. நான் கணக்கு வகுப்பில் விடுகிற அதே மூச்சு.

"சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டுங்ண்ணா" என்றார். எழுந்து வெளியே போய்க் கேட்டை அறைந்து சாத்தினார். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அதை நின்று திட்டினார். அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

ஜி.எம். சரி என்றார், பாதிதான். லைனுக்கு வேறு இன்சார்ஜ் போட்டாகிவிட்டது. சாம்பிள் செக்‌ஷனில் ஒரே ஓர் இடம். அப்பா மெஷினை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் ஒரு சோதனை. என் வயதுப் பெண்களுக்கான, தொப்பி வைத்த ஜாக்கெட். அதைப் பையர் ஏற்றுக்கொண்டால் அந்த இடம் அப்பாவுக்கு. இல்லையென்றால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதாவது திரும்பிப் போகவும் இடம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

"கம்பெனி பொம்மைக்குக் கை மடங்காது. போட்டுக் காட்டு கண்ணு" என்றார் அப்பா. 'கண்ணு' என்று கடைசியாக எப்போது கூப்பிட்டார் என்று நினைவில்லை.

பாதி தைத்த ஜாக்கெட். வெளிர் ஊதா. போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார். இவ்வளவு பக்கத்தில் அவர் நின்றால் நான் மூச்சே விடுவதில்லை.

"கையத் தூக்கு. இழுக்குதா?"

வலது அக்குளில் பிடித்து இழுத்தது. "இல்லீங்ப்பா. நல்லா இருக்குதுங்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்."

அப்பா சந்தோஷமாக அதை மடித்து எடுத்துப் போனார். பாதாம்பருப்பு அளவுதான் அது. என் வாயை எடுத்துத் தானே பேசிவிடுகிறது.

ஜூலை 23, புதன்

திரும்பி வந்துவிட்டது. கை தூக்கினால் அக்குளில் இழுக்கிறதாம். இன்னும் ஒரே ஒரு முறை தைத்துக் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை போயிருச்சு வசந்தா" என்றார்.

கை போகவில்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 31, வியாழன்

சாம்பிள் பாஸ். சாயங்காலம் ஜி.எம். போன் செய்தார். அப்பா போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இத்தனை நாளும் என்னால் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அப்பா என்னையும் அம்மாவையும் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். ஞாயிறானதால் லைன் எல்லாம் இருட்டாக இருந்தது. சாம்பிள் அறையில் மட்டும் விளக்கு. பெரிய கண்ணாடி, வெட்டுகிற மேஜை, ஒரு மெஷின். அம்மா வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அப்பா மெஷினில் உட்கார்ந்ததும் எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. முதுகு தளர்ந்தது. தோள் இறங்கியது. துணியை அவர் தள்ளவில்லை, இழுக்கவும் இல்லை. விரல் நுனியை மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான். துணி தானாக நடந்து ஊசிக்கு அடியில் போனது. வளைவு வந்தபோது இரண்டு விரல் லேசாகத் திரும்பின. மொத்தத் துணியும் அந்தத் திசையில் திரும்பியது. ஒரு சொடுக்கு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. தட்டை வீசிய கை இதுதான் என்று என்னை நானே நம்பவைக்க வேண்டியிருந்தது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன். அம்மா பிறகு சொன்னாள்.

மேடம் சொன்ன உயிர் ஊறுகிற வேலை என்பது கண்ணால் பார்க்கக்கூடியது என்று எனக்குத் தெரியாது. மூளைக்குள் நடப்பது அல்லவா? ஆனால் நான் பார்த்தேன். அது அவர் கழுத்திலும் முதுகிலும் இருந்தது.

பிறகு ஜாக்கெட்டை என்மேல் போட்டார். வாயில் குண்டூசி.

"கையத் தூக்கு."

தூக்கினேன். அதே வலது அக்குள். கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் இழுத்தது.

"எங்கியாச்சும் இழுக்குதா?"

வாயில் 'இல்லீங்ப்பா' வந்து தயாராக நின்றது. மூச்சை விட்டேன். நெஞ்சு காலியாகும்வரை விட்டேன். அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இழுக்குதுங்ப்பா."

அப்பாவின் கை நின்றது. "எங்க?"

விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். காதோரத்து நரம்பு எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"போன வாரமும் இங்கதான் இழுத்துதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். "அப்பவே ஏன் கண்ணு சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்ப்பா" என்றேன்.

கண்ணாடியில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். அப்பா கண்ணாடியைப் பார்க்கவில்லை. நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்து, என் அக்குளில் தான் போட்ட தையலைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்தார். கத்தி முனை உடம்பில் பட்டுவிடாமல் இடது கையை நடுவில் கொடுத்துக்கொண்டார். பிரித்து, மெஷினுக்குப் போய்த் தைத்து, மறுபடி எனக்குப் போட்டுவிட்டார்.

"இப்ப?"

கையைத் தூக்கினேன். ஏறக்குறைய சரியாகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"இன்னும் துளியூண்டு இழுக்குதுங்ப்பா."

அப்பா மறுபடியும் பிரித்தார்.